கம்பி இல்லாத இருபத்தேழு பெட்டிகள்

அவளையும் சேர்த்து அந்த அலுவலகத்தில் மொத்தம் ஐந்தே பேர். மற்ற நான்கு பேரும் அவளை டீஃபால்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட ஒன்பது வயது மூத்த முதலாளிகூட, அவள் அறையில் இல்லாத நேரங்களில், அப்படித்தான் சொல்வார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது. அதை யாரும் தேடிப் போனதில்லை.

டீஃபால்ட் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. ஒரு மென்பொருளை வாங்குகிறோம். அதில் எதையும் மாற்றாமல் நேரே வேலையைத் தொடங்குகிறோம். காகித அளவு என்ன, ஓரம் எவ்வளவு, எழுத்து எத்தனை பெரியது என்று அது தானாகவே ஒரு முடிவு எடுத்துக்கொள்ளும் அல்லவா, அந்த முடிவுதான் டீஃபால்ட். உலகத்தின் பாதித் துன்பம் மோசமான டீஃபால்ட்டால் வருகிறது என்பது அக்காவின் கட்சி. மீதிப் பாதி, நன்றாக இருந்த டீஃபால்ட்டை யாரோ கைவைத்துக் கெடுத்ததால் வருவது.

"மனுஷன் செட்டிங்ஸைத் திறக்க மாட்டான். தப்பித்தவறித் திறந்தா மூடத் தெரியாது," என்பாள். சாட்சிக்கு வீட்டில் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் இருந்தது. பதினான்கு வகையாகத் துவைக்கும் என்று சொல்லி விற்றார்கள். எட்டு வருடமாக அது மூன்றாம் எண்ணை விட்டு நகர்ந்ததில்லை. ஒரே ஒரு முறை வீட்டுக்காரர் வீராப்பாக ஒன்பதுக்குத் திருப்பினார். மூன்றரை மணி நேரம் துணி சுற்றியது. அவருடைய ஒரே நல்ல சட்டை, வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டு ஆறு வயதுப் பிள்ளைக்குக் கச்சிதமாக இருந்தது. கொடுத்தும்விட்டார்கள்.

இந்தக் கொள்கை அவளுக்கு வானத்திலிருந்து விழவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிருந்த பிரிண்டருக்கு ஒரு குணம். எதை அச்சடிக்கச் சொன்னாலும் முதலில் முரண்டு பிடித்து, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும். யாராவது எழுந்து போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் காகிதம் நகரும். மூன்று வருடமாக ஏழு பேர் முறை வைத்துக்கொண்டு எழுந்து போய் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எந்த நாள் என்று சுவரில் ஒரு பட்டியல்கூட ஒட்டியிருந்தது. சேர்ந்த நான்காம் நாள் அவள் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். அந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு காகித அளவை அந்தக் கணினி கேட்டுக்கொண்டிருந்தது. மாற்றினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. அதன் பிறகும் சில நாட்களுக்கு, முறைக்காரர்கள் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார்கள்.

எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து அந்த அளவைத் தேர்ந்தெடுத்த முகம் தெரியாத ஆளை அவள் வாயார வைதாள். தன்னை அப்படி வைகிற சந்தர்ப்பத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள். வார இறுதி வகுப்புகளுக்குப் போய் நிரல் எழுதக் கற்றதும், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த இந்தச் சின்ன நிறுவனத்தில் சேர்ந்ததும் அதன் பிறகு நடந்தவை.

அங்கே அவள் பதினோரு வருடமாக ஒரே மென்பொருளைத்தான் செய்துகொண்டிருந்தாள். இன்றைக்கு எந்தக் கணினியும் திறக்க மறுக்கும் பழைய கோப்புகள், மஞ்சள் பூத்த தாள்களை ஸ்கேன் செய்த படங்கள், நான்கு பேர் நான்கு விதமாகத் தட்டச்சு செய்த அறிக்கைகள், இவற்றையெல்லாம் உள்ளே போட்டால், தேடிப் படிக்கக்கூடிய புதிய ஆவணமாக அது மாற்றித் தரும். கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கிற அலுவலகப் பெயர், மாற்றிய பிறகு வாக்கியத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அட்டவணையின் ஐந்து பத்திகளும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துவிடும். ஓரத்தில் யாரோ பேனாவால் எழுதிய "பேசவும்" என்ற குறிப்பு, அறிக்கையின் முடிவுரையாகிவிடும்.

இதற்காக அவள் ஊரில் கழித்துப்போட்ட தாள்களையெல்லாம் கேட்டு வாங்கி மூன்று அலமாரி நிறையச் சேர்த்திருந்தாள். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து மென்பொருளுக்குப் புத்தி புகட்டினாள். கடிதமா, கணக்கா, வரைபடமா என்று அது முதலில் ஆவணத்தை மோப்பம் பிடிக்கும். பிறகு அதற்கேற்ற மாதிரி தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். பயன்படுத்துகிறவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. திரையின் நடுவில் "மாற்று" என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்க வேண்டும்.

வினையே அந்த ஒற்றைப் பட்டனால்தான் வந்தது.

குடிநீர் வழங்கல் துறைக்கு அதைக் காட்டப் போன முதலாளி, மத்தியானமே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"என்ன சார், பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

"மாத்திக் காட்டினேன். நல்லா வந்துச்சு. மூணு பேரும் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒருத்தர், 'இவ்வளவுதானா'ன்னு கேட்டார்."

"இவ்வளவுதான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எதிர்க் கம்பெனிக்காரன் நூத்திப் பன்னெண்டு செட்டிங்ஸ் வச்சிருக்கானாம். நமக்கு ஒரு பட்டன். பொம்மை விக்க வந்திருக்கேன்னு நினைச்சுட்டாங்க." முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செட்டிங்ஸ் வேணும். நிறைய வேணும். ரெண்டு வாரம் டைம்."

"கொடுத்தா கைவைப்பாங்க சார். கைவச்சா கெடும்."

"கெடட்டும். இப்ப கெட்டா நம்ம தப்பு. அவங்க கைவச்சுக் கெட்டா அவங்க தப்பு."

பதினோரு வருட உழைப்பை இப்படி ஒரே மூச்சில் அடித்துப் போட்டதில் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், அந்தக் கோபத்தை அப்படியே வீட்டுக்காரரின் தலையில் கொட்டினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய அலுவலகக் கட்டடத்து லிஃப்ட்டும் அவர் பராமரிப்பில்தான் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார்.

"உங்க லிஃப்ட்ல கதவை மூடுற பட்டன் இருக்குல்ல. அதுக்கும் கதவுக்கும் சம்பந்தமே கிடையாது."

"என்னது?"

"கம்பியைக் கழட்டி ஆறு வருஷம் ஆச்சு. பொறுமை இல்லாதவங்க அமுக்கி அமுக்கி, உள்ள வர்றவங்க கை மாட்டுது. கழட்டிட்டேன். கதவு எப்படியும் நாலு செகண்டுல தானா மூடிக்கும். அமுக்கினவன் தான்தான் மூடினேன்னு சந்தோஷமா மேல போறான். கழட்டின நாள்லேருந்து ஒரு புகார் வரல."

"நான் தினமும் அமுக்குறேனே."

"தெரியும். நீ ரெண்டு தடவை அமுக்குவ."

அவள் அவரை முறைத்தாள். பிறகு முறைப்பு மெல்ல மாறியது. இருபத்தோரு வருடம் குடித்தனம் நடத்திய மனிதருக்கு அந்தப் பார்வை பழக்கம்தான். இனி இந்த வீட்டில் இன்றைக்கு வேறு பேச்சு நடக்காது என்று அவர் எழுந்து போய்விட்டார்.

அடுத்த இரண்டு வாரம் அவள் பாடிக்கொண்டே வேலை செய்தாள். முதலாளிக்குப் புல்லரித்தது. முடிவில் திரையில் ஒரு பெரிய செட்டிங்ஸ் பலகை வந்தது. அதில் முப்பத்தொரு பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் மென்மை, நடுத்தரம், உறுதி என்று மூன்று நிலைகள். காகித அளவு, பக்க எண், எழுத்து அளவு, சேமிக்கும் இடம் என்ற நான்கு மட்டும் உண்மையானவை. மீதி இருபத்தேழும் லிஃப்ட் பட்டனின் உடன்பிறப்புகள். எங்கே திருப்பினாலும் திரும்பும். திருப்பியதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் எதையும் செய்யாது. உள்ளே மென்பொருள் எப்போதும் போல ஆவணத்தைப் பார்த்து, தனக்குச் சரியென்று பட்டதைச் செய்துகொண்டிருக்கும்.

பெயர் வைப்பதுதான் அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. 'ஆழ்ந்த பார்வை', 'வரி ஒழுக்கம்', 'பக்க அமைதி', 'பழைய தாள் பரிவு' என்று ஒரே மத்தியானத்தில் இருபத்தேழு பெயர் வைத்தாள். பதினேழாவதற்கு 'ஓரக் கம்பீரம்' என்று வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

குடிநீர்த் துறை வாங்கிவிட்டது. தலைமையகத்தின் ஆவண அறையில் ஒரு வருடம் வைத்துப் பார்ப்பது, சரிப்பட்டால் அறுபது கிளை அலுவலகங்களுக்கும் வாங்குவது என்று ஏற்பாடு.

ஆவண அறைக்கு ஒரு காப்பாளர் இருந்தார். முப்பத்து நான்கு வருட சர்வீஸ். ஓய்வுபெற இன்னும் ஒன்பது மாதம். அக்காவின் கொள்கைப்படி மனிதன் செட்டிங்ஸைத் திறக்க மாட்டான். இவர் திறந்தார். முப்பத்தொன்றையும் திறந்தார். மூன்றாம் வாரம் தொலைபேசியில் வந்தார்.

"அம்மா, நீங்கதான் இதைச் செஞ்சவங்களா? ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் பதினேழாம் நம்பரை நான் உறுதியில வச்சேன். அட்டவணை எல்லாம் சும்மா கம்பீரமா நிக்குது."

அக்கா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு ஒரு முறை மூச்சை இழுத்து விட்டாள். "ரொம்ப நல்லாக் கவனிச்சிருக்கீங்க ஐயா," என்றாள்.

இதுதான் அவள் செய்த பிசகு. மனிதர் அதிலிருந்து வாரம் தவறாமல் கூப்பிட்டார். பன்னிரண்டை மென்மையில் வைத்தால் ஓரக் குறிப்புகள் தனியே ஒதுங்குகின்றன என்றார். ஒன்பதும் இருபதும் ஒன்றுக்கொன்று ஆகாது, இரண்டையும் சேர்த்து உறுதியில் வைக்கக் கூடாது என்றார். அலுவலகத்தில் அவருக்குப் பதினேழாம் நம்பர் ஐயா என்று பெயர் விழுந்தது. அவர் அழைப்பு வரும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும், சிரித்து முடிந்ததும் நெஞ்சில் ஏதோ குத்தும். அந்தக் குத்தலைக் கண்டுகொள்ளாமல் ஆறு மாதம் ஓட்டினாள்.

ஆறாவது மாதம் தபாலில் ஒரு கட்டு வந்தது. முப்பத்தெட்டுப் பக்கம். மேலே 'ஆவண மாற்று மென்பொருள்: முப்பத்தொரு அமைப்புகளுக்கும் விளக்கக் கையேடு' என்று இருந்தது. முதல் பக்கத்தில், "தொலைபேசியில் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளாத அம்மையாருக்கு நன்றியுடன்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கூடவே ஒரு சுற்றறிக்கை. கையேட்டைத் தலைமையகம் ஏற்றுக்கொண்டது; வருடம் முடியக் காத்திராமல் அறுபது கிளைகளுக்கும் மென்பொருளை வாங்கவும் முடிவு செய்துவிட்டது. அடுத்த மாதம் பதினான்காம் தேதி வியாழக்கிழமை, அறுபது கிளைகளின் ஊழியர்களுக்கும் காப்பாளரே பயிற்சி தருவார். துறையின் கணினிப் பொறியாளரும் கலந்துகொண்டு, ஒரே ஆவணத்தை ஒவ்வோர் அமைப்பிலும் மாற்றி, வேறுபாட்டைப் பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுவார்.

முதலாளி அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அறுபது ஆபீஸ் அக்கா," என்றார். சந்தோஷத்தில் அவள் முகத்துக்கு நேராகவே அக்கா என்று சொல்லிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

அவள் சுற்றறிக்கையை இரண்டாம் முறை படித்தாள். ஒரே ஆவணம், இரண்டு நிலை, பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் ஒரு புள்ளி பிசகாமல் ஒன்றாக இருக்கும். குட்டு வெளிப்பட்டால் தன் வேலை போகும், அது போகட்டும். அறுபது ஊர் ஊழியர்கள் முன்னால், கையில் முப்பத்தெட்டுப் பக்கத்தோடு நிற்கப்போகிறவர் காப்பாளர் அல்லவா. அவரை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று மறுநாளே கிளம்பினாள்.

ஆவண அறை கீழ்த்தளத்தில் இருந்தது. கூரை வரை இரும்பு அலமாரிகள். நடுவில் ஒரு மேசை, அதில் கணினி, பக்கத்தில் ஓர் எஃகு அளவுகோல். காப்பாளர் ஒல்லியாக, சட்டைக் கைகளை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு இருந்தார். வாங்கம்மா என்று சொல்லி, இருந்த ஒரே நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார்.

"பாருங்க," என்று இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். "இது பதினேழு மென்மையில. இது உறுதியில." அளவுகோலை வைத்து ஓரத்தை அளந்து காட்டினார். "ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். தெரியுதா?"

தெரிந்தது. ஏனென்றால் ஒன்று குழாய் பதிக்கும் ஒப்பந்தம், இன்னொன்று தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. இரண்டும் வேறு வேறு ஆவணங்கள்.

"ஐயா, ஒரே ஆவணத்தை ரெண்டு விதமா வச்சுப் பார்த்ததில்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் அதிர்ந்து போனார். "ஒரு ஆவணத்துக்கு ரெண்டு பிரதியா? ஆவண அறையிலயா? எது அசல்னு நாளைக்கு எவன் சொல்லுவான்? முப்பத்தி நாலு வருஷத்துல நான் அந்தத் தப்பைப் பண்ணினதில்லம்மா."

எல்லாம் அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை, கற்பனை செய்யவும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடியே எழுதியிருக்கிறார். அட்டவணை நிமிர்ந்து நின்றதும் உண்மை, குறிப்புகள் ஒதுங்கியதும் உண்மை. அதையெல்லாம் செய்தது அவளுடைய மென்பொருள். புகழை வாங்கிக்கொண்டது பெட்டி.

சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"மேல நாலு மாடி இருக்கும்மா. ஃபைல் வேணும்னா போன் பண்ணுவாங்க, எடுத்து அனுப்புவேன். ஃபைலைப் பத்தி நீ என்ன நினைக்கிறேன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தர் கேட்டதில்ல. இதை எழுதினதுக்கப்புறம் இயக்குநரே இறங்கி வந்தார். இந்தப் படியில அவர் இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை." அளவுகோலை எடுத்து மேசைக்கு நேர்கோட்டில் வைத்தார். "பதினாலாம் தேதி என் வீட்டுக்காரியும் வர்றா. என் வேலை என்னன்னு அவளுக்கு நான் சரியாச் சொன்னதே இல்ல."

அக்கா எடுத்த வாயை மூடிக்கொண்டாள். கையேட்டின் இன்னொரு பிரதி கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். பென்சிலால் குறித்துப் படிக்க வேண்டும் என்றாள். அவர் முகம் மலர்ந்து போயிற்று.

பதினெட்டு நாள் இருந்தது. சொன்னது பொய்யென்று ஒப்புக்கொள்ள முடியாத நிலையில் மனிதர்கள் மேலும் நான்கு பொய் சொல்வார்கள். அவள் அதற்குப் பதிலாக வேலையில் இறங்கினாள். இருக்கிற கையேட்டை உண்மையாக்கிவிடுவது என்று முடிவு. பக்கம் பக்கமாகப் படித்து, அவர் என்ன சொன்னாரோ அதைச் செய்யும்படி ஒவ்வொரு பெட்டிக்கும் கம்பி மாட்டத் தொடங்கினாள்.

படிக்கப் படிக்க அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பதினோரு வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் தனக்கு என்ன வேண்டும் என்று இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை. 'பதினேழை உறுதியில் வைத்தால், நீண்ட அட்டவணையின் தலைப்பு வரி அடுத்தடுத்த பக்கங்களிலும் வரும். எண்கள் வலப்புறமாக அணிவகுக்கும்.' 'ஆறை மென்மையில் வைத்தால், முத்திரை விழுந்த இடத்து எழுத்து விடுபடாது.' சில இடங்களில் தலையில் அடித்துக்கொள்ளவும் நேர்ந்தது. இருபத்திரண்டாம் எண்ணான 'பக்க அமைதி' பற்றி, 'கணினி சூடாவதைக் குறைக்கிறது. கோடையில் உறுதியில் வைக்கவும்' என்று எழுதியிருந்தார். அரை நாள் யோசித்தாள். பிறகு, அதை உறுதியில் வைத்தால் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை மென்பொருள் சற்று நின்று இளைப்பாறும்படி செய்தாள். சூடு குறையத்தான் செய்தது.

"ஆறு வருஷமா கழட்டின கம்பியோட நான் நிம்மதியா இருக்கேன்," என்றார் வீட்டுக்காரர். "நீ ஏன் இருபத்தேழு கம்பியை மாட்டிக்கிட்டு சாகுற?"

"உங்க லிஃப்ட்டுக்கு யாரும் முப்பத்தெட்டுப் பக்கத்துல கையேடு எழுதலங்க."

பதிமூன்றாம் தேதி மத்தியானம் 'சிறு திருத்தம்' என்ற பெயரில் புதிய பதிப்பு தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பதினான்காம் தேதி அவள் அரங்கத்தின் கடைசி வரிசையில், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் நீலப் புடவையில் ஓர் அம்மாள் இருந்தார். மேடையில் இருப்பவரைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை.

பொறியாளர் முகத்தில் சந்தேகம் எழுதி ஒட்டியிருந்தது. நீளமான ஓர் அட்டவணையை எடுத்து, பதினேழாம் பெட்டியை மென்மையில் வைத்து மாற்றினார். பிறகு உறுதியில் வைத்து மாற்றினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கண்ணைத் திறந்தாள். திரையின் வலப்பக்கப் பிரதியில் தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் நின்றது, எண்கள் வலப்புறமாக அணிவகுத்து நின்றன. காப்பாளர் எஃகு அளவுகோலைத் திரையில் வைத்து, "பக்கம் இருபத்தொண்ணு, இரண்டாவது பத்தி," என்றார். அறுபது கிளைக்காரர்களும் கையேட்டைப் புரட்டினார்கள். இருபத்தேழு பெட்டிகளும் ஒன்றையும் விடாமல் தேறின. கோடைக்கு உண்டான பெட்டிக்குத் தனியாகக் கைதட்டல் விழுந்தது. நீலப் புடவை அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அக்காவும் துடைத்துக்கொண்டாள், அவள் கண்ணாடி போடுவதில்லை என்றாலும்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. திங்கட்கிழமை காலை தொலைபேசி அடித்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார் காப்பாளர். "அந்தப் பதினேழு முன்ன மாதிரி இல்லம்மா."

"என்ன ஆச்சுங்க ஐயா?"

"நான் எப்பவும் அதை உறுதியிலதான் வச்சிருப்பேன். இத்தனை நாளும் ஒரு குறை இல்ல. இப்ப, மூணு வரிக் கடிதத்தைப் போட்டாக்கூட அட்டவணை மாதிரி ஆக்கி, வலது பக்கமா ஒதுக்கிடுது. பன்னெண்டும் அப்படித்தான். குறிப்பை ஒதுக்குறேன்னு கையெழுத்தையே ஒதுக்கிடுது." சரியான சொல்லைத் தேடுகிறார் என்று தெரிந்தது. "முன்னாடி உறுதின்னு வச்சா, எங்க உறுதியா இருக்கணும், எங்க விட்டுக்கொடுக்கணும்னு அதுக்கே தெரியும். இப்ப சொன்னதை அப்படியே செய்யுது. அதுதாம்மா கோளாறு."

பதினோரு வருடமாக அவள் தொண்டை வறளச் சொல்லி ஒருவர் காதிலும் ஏறாத விஷயம் அது. அவளுடைய வாயில் ஒரு நாளும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை. பக்கத்தில் கிடந்த தாளில் அதை வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டாள்.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன் ஐயா. ரொம்ப நல்லாக் கவனிச்சிருக்கீங்க." இந்த முறை அதை முழு மனதோடு சொன்னாள்.

அந்த வாரமே பெட்டிகளில் நான்காவதாக ஒரு நிலையைச் சேர்த்தாள். அதன் பெயர் 'முன்பு போல'. அதில் வைத்தால் கம்பி கழன்றுகொள்ளும். மென்பொருள் பழையபடி ஆவணத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்யும். இருபத்தேழு பெட்டிகளையும் அந்த நிலையிலேயே வைத்து அனுப்பினாள். வேறு மாதிரி வேண்டும் என்கிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம், அப்போது பெட்டி சொன்னதைச் செய்யும்.

காப்பாளர் இரண்டு மாதம் சோதித்தார். இந்த முறை இயக்குநரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, ஒரே ஆவணத்தை நான்கு நிலையிலும் மாற்றிப் பார்த்தார். ஓய்வுபெறும் நாளன்று கையேட்டின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. முப்பத்தெட்டுப் பக்கம் ஒரே பக்கமாகச் சுருங்கியிருந்தது. அதில் இருந்தது இதுதான்: 'எல்லா அமைப்புகளையும் வந்தபடியே விடவும். மிக அவசியமானால் மட்டும் தொடவும். தொட்டால், வேலை முடிந்ததும் திரும்ப வைக்கவும்.' கீழே அவருடைய பெயர், பதவி, முத்திரை. அறுபது கிளைகளிலும் கணினிக்கு மேலே ஒட்டியாயிற்று. ஒருவரும் எதையும் தொடவில்லை.

முதலாளிக்கும் ஒரு பிரதி வந்தது. அவர் அதைச் சட்டம் போட்டு, சரியாக அவளுடைய மேசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். தள்ளி நின்று பார்த்தார்.

"பார்த்தீங்களா? ஒரு பட்டனே போதும்னு சொல்றார். டீஃபால்ட்டை நல்லா வச்சா எவனும் செட்டிங்ஸைத் திறக்க மாட்டான். இதை ஆவண அறையில உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷன் வந்து சொல்ல வேண்டியிருக்கு. பதினோரு வருஷமா இங்க உட்கார்ந்து என்னதான் பண்ணினீங்க?"

அக்கா சட்டத்தை ஒரு தரம் பார்த்தாள். கோணலாகத் தொங்கியது. எழுந்து போய் நேராக வைத்தாள்.

"கத்துக்கிறேன் சார்," என்றாள்.